ஹாலுக்குள் மிளகாய்: தெற்குப் பார்த்த ஒரு சென்னை ஃபிளாட்டில் ஓராண்டு

சூழல்

வேளச்சேரிப் பக்கம் நான்கு மாடி அடுக்ககம் ஒன்றில் இரண்டாம் தளத்து வீடு. ஓய்வு பெற்ற தம்பதி, மகன், மருமகள் என நான்கு பேர். செடி வளர்க்கும் ஆசை பெரியவருக்கும் மருமகளுக்கும். மொட்டைமாடி இவர்களுக்குக் கிடைக்கவில்லை. மேல்தள வீட்டுக் கூரையில் மழைநீர் கசிந்ததிலிருந்து மாடியில் தொட்டி வைக்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் முடிவெடுத்து, கதவையும் பூட்டி வைத்திருக்கிறது. மீதமிருந்தது தெற்கே பார்த்த நான்கடி அகல பால்கனியும், அதை ஒட்டி ஹாலில் கண்ணாடிக் கதவு ஓரத்து இடமும்தான்.

பால்கனி தெற்குப் பார்த்தது என்பதை நம்பித்தான் வேலையே தொடங்கியது. "தெற்குப் பாத்த வீடு, வெயிலுக்குக் குறையே இல்ல" என்றார் பெரியவர். மார்கழியில் ஹால் தரை வரை வெயில் விழுவதைப் பல வருடங்களாகப் பார்த்தவர் அவர். பார்த்தது உண்மைதான். ஆனால் விதைத்தது ஆடியில்.

ஆடி விதைப்பு

ஜூலை 20 வாக்கில் இரண்டு வகை விதை குழித்தட்டில் போடப்பட்டது. ஒன்று, சமையலறை டப்பாவில் இருந்த காய்ந்த குண்டு மிளகாயிலிருந்து எடுத்தது. இன்னொன்று, கடையில் வாங்கிய பச்சைக் குடைமிளகாயை நறுக்கியபோது எடுத்து வைத்தது.

குண்டு மிளகாய் விதை எட்டாம் நாளிலிருந்து நன்றாகவே முளைத்தது. வெயிலில் உலர்ந்த வற்றலின் விதையில் உயிர் இருக்கும். சூடான உலர்த்தியில் போட்டதாக இருந்தால் முளைக்காது. ஈர டிஷ்யூ தாளில் பத்து விதையை மடித்து வைத்துச் சோதித்தால் பத்து நாளில் தெரிந்துவிடும். குடைமிளகாயில் பாதிகூட வரவில்லை. பச்சையாகப் பறித்த காயில் விதை முற்றியிருக்காது. கடைக்கு வருவது பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகமாதலால், முளைத்தாலும் தாய்க்காயைப் போலவே காய்க்கும் என்ற உறுதி கிடையாது. குண்டு மிளகாய் அப்படியல்ல. தலைமுறையாக விதை எடுத்து விதைத்து வந்த ரகம். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் இருபது நாற்றுகள் இருந்தன. எல்லாமே ஒல்லியாக நெட்டையாகக் கதவுப் பக்கம் சாய்ந்து நின்றன. இரண்டு கணுவுக்கு இடையில் கிட்டத்தட்ட மூன்று விரற்கடை இடைவெளி; தண்டு அகர்பத்தி கனம்கூட இல்லை. உரம் போதவில்லை என்று நினைத்து மீன் அமிலம், அரிசி கழுவிய தண்ணீர், மண்புழு உரம் மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்திருந்தார்கள். இந்த ஆய்வில் திரும்பத் திரும்ப வரும் பிழை இதுதான்: வெளிச்சம் இல்லாத குறையை உரத்தாலும் தண்ணீராலும் ஈடுகட்டப் பார்ப்பது. வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி குடிப்பதும் குறைவு, உண்பதும் குறைவு. மாடியில் வளரும் செடிக்குக் கொடுக்கும் அளவை ஹாலில் இருக்கும் செடிக்குக் கொடுத்தால் மிஞ்சியது வேரடியில் தங்கி அழுகும், அல்லது உப்பாகும்.

வெளிச்சத்தை அளந்தது

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் காட்டும் செல்போன் லக்ஸ் மீட்டர் செயலி துல்லியமான கருவி அல்ல. ஆனாலும் இடத்துக்கு இடம் எத்தனை மடங்கு வித்தியாசம் என்று காட்ட அது போதும். ஆகஸ்ட் நண்பகலில் கதவிலிருந்து ஐந்தடி உள்ளே சுமார் 700 லக்ஸ். பால்கனி கிரில் ஓரத்தில் சுமார் 7,000. அதே நேரம் தெருவில், நேர் வெயிலில், 90,000க்கு மேல்.

ஒரு நாளின் மொத்த வெளிச்சத்தை லக்ஸையும் மணியையும் பெருக்கிப் பார்ப்பது எளிய வழி. ஹாலுக்குள் 700 லக்ஸ், 11 மணி நேரம் என்றால் 7,700. கிரில் ஓரத்தில் 77,000. காரமிளகாய் ஓரளவு காய்க்க ஒன்றே முக்கால் லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வேண்டும். குடைமிளகாய் சதைப்பற்றாகத் திரள மூன்று லட்சத்துக்குக் குறையக் கூடாது. அதாவது ஹாலில் இருந்த நாற்றுகள் தேவையில் இருபதில் ஒரு பங்கு வெளிச்சத்தைக்கூடப் பெறவில்லை. நம் கண் இருட்டுக்குத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் ஹால் நமக்குப் பளிச்சென்று தெரிகிறது. செடிக்கு அந்த வசதி இல்லை.

தெற்குப் பார்த்த பால்கனியில் வெயில் ஏன் இல்லை? சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருகிறது. பிறகு ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி உச்சிக்குத் திரும்புகிறது. இடைப்பட்ட நாட்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த நான்கு மாதமும் தெற்குச் சுவரில் உச்சி வெயில் படாது. வடக்குப் பக்கத்துச் சமையலறை ஜன்னலில்தான் படும். டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் தெற்கே சுமார் 53 பாகை உயரத்துக்கு இறங்கிவிடும். மேல்தளத்து சிலாப் ஒன்பதரை அடி உயரத்தில் இருந்தால் வெயில் ஏழடி உள்ளே வரும்: நான்கடி பால்கனியைத் தாண்டி ஹாலுக்குள் மூன்றடி. பெரியவர் பல வருடங்களாகப் பார்த்து வந்தது இந்த வெயில்தான்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு செடிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. இதற்குத்தான் வீட்டில் அதிக எதிர்ப்பு. "உசுருள்ள செடிய எப்படிம்மா தூக்கிப் போடுறது?" என்று பெரியவர் தயங்கினார். "இருபதையும் வச்சுக்கிட்டா ஒண்ணுமே காய்க்காது மாமா" என்று மருமகள் சொல்லிப் பார்த்தும், தாம்பரத்தில் தனி வீட்டில் இருக்கும் உறவினர் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட பிறகே சிக்கல் தீர்ந்தது. இருந்த வெளிச்சத்தில் ஆறு செடிக்கு மேல் வைப்பதில் பொருளில்லை. குண்டு இரண்டு, காந்தாரி என்ற சின்னக் காரமிளகாய் இரண்டு, குடைமிளகாய் இரண்டு என்று முடிவானது.

இரண்டாவது, விளக்கு. அதற்கு முன்பே ஊதா நிறத்தில் எரியும் 10 வாட் கிளிப் விளக்கு ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார்கள். நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. 10 வாட் என்பது 10 வாட்தான். ஒரு செடியின் நுனிக்குக்கூடப் போதாது. அதற்குப் பதில் சாதாரண நான்கடி எல்இடி டியூப் பேட்டன் ஆறு வாங்கப்பட்டது. ஒவ்வொன்றும் 20 வாட், சுமார் 2,000 லூமன், வெள்ளை ஒளி. நான்கடி நீளம், ஒன்றரை அடி அகல இரும்பு அலமாரித் தட்டின் அடியில் மூன்று அங்குல இடைவெளியில் ஆறையும் பொருத்தி, மூன்று பக்கமும் வெள்ளை ஃபோம் ஷீட் அடைக்கப்பட்டது. அந்த ஷீட் இல்லாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் ஹாலுக்குத்தான் போகும். விளக்கிலிருந்து எட்டு அங்குலம் கீழே சுமார் 15,000 லக்ஸ் கிடைத்தது. டைமர் பிளக் போட்டு காலை 6 முதல் இரவு 8 வரை 14 மணி நேரம்: இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். வெள்ளை எல்இடியின் லக்ஸ், வெயிலின் லக்ஸைவிடச் செடிக்குக் கொஞ்சம் குறைவான பயனைத் தரும் என்பதால் இதைக் காரமிளகாயின் கீழ் எல்லை என்று கொள்ளலாம். 24 மணி நேரமும் எரிய விட்டால் மிளகாய் இலை வெளுத்துச் சுருங்கும். இரவு அதற்கு வேண்டும்.

மின்செலவையும் முன்கூட்டியே கணக்கிட்டார்கள். 120 வாட், 14 மணி நேரம் என்றால் நாளுக்கு 1.68 யூனிட், இரண்டு மாத பில்லில் 100 யூனிட்டுக்குச் சற்று மேல். இந்த 100 யூனிட் வீட்டின் மொத்தப் பயன்பாட்டை அடுத்த கட்டணப் படிக்குத் தள்ளுகிறதா என்று பழைய மின்கணக்கு அட்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இவர்கள் வீட்டில் ஏசி ஓடாத மாதங்களில் தள்ளவில்லை.

நெட்டையாகிப் போன குண்டு நாற்றுகளில் இரண்டு காப்பாற்றப்பட்டன. தக்காளியைப் போலத் தண்டை ஆழமாகப் புதைத்தால் மிளகாய் எளிதில் வேர் விடாது. ஈரத்தில் தண்டு அழுகுவதே அதிகம். எனவே ஐந்தாம் இலைக்கு மேல் நுனி கிள்ளப்பட்டது. விளக்கின் கீழ் பத்து நாளில் பக்கத் துளிர் வந்தது. குடைமிளகாயும் காந்தாரியும் ஆகஸ்ட் கடைசியில் பாக்கெட் விதையிலிருந்து புதிதாக விதைக்கப்பட்டன. காந்தாரி முளைக்க மூன்று வாரம் எடுத்தது. அது இயல்பு, பொறுக்காமல் தட்டைக் கிளறக் கூடாது.

தொட்டி எட்டு அங்குலம், சுமார் 4 லிட்டர். மாடியில் என்றால் மிளகாய்க்குப் பன்னிரண்டு அங்குலம் சரி. வீட்டுக்குள் அவ்வளவு பெரிய தொட்டி காய நாளாகும், வேர் மூச்சு முட்டும். கலவை: கழுவிய கோகோபீட் (தென்னை நார்த்தூள்) மூன்று பங்கு, பெர்லைட் (வடிகாலுக்கான இலேசான வெள்ளைக் கல்துகள்) ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. கோகோபீட் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிவதோடு நிறுத்தக் கூடாது. அதில் இருக்கும் சோடியமும் பொட்டாசியமும் பின்னால் கால்சியத்தைத் தடுக்கும். லிட்டருக்கு 3 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசினார்கள்.

ஐப்பசி: இலை நுனி கருகியது

அக்டோபர் முதல் வாரம் தொட்டிக்கு மாற்றிய செடிகள் மூன்று வாரம் நன்றாக வளர்ந்து, பிறகு நின்றுவிட்டன. இலை நுனியிலிருந்து ஓரம் வழியாகப் பழுப்பு. தொட்டி விளிம்பில் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் படிவம். கூடவே மண்ணைத் தொட்டால் எழும்பும் சின்னக் கருப்பு ஈக்கள்.

ஈக்களுக்குக் காரணம் எளிது: பூஞ்சை ஈ. ஈரமான மேல்மண்ணில் இதன் புழு மென்வேரைத் தின்னும். அரிசி கழுவிய தண்ணீர் அதற்கு விருந்து. அந்தத் தண்ணீரை நிறுத்தி, மேலே இரண்டு சென்டிமீட்டர் கழுவிய ஆற்றுமணல் பரப்பி, மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்ததும் இரண்டு வாரத்தில் அடங்கியது.

நுனி கருகலின் காரணம் கேட்டபின்தான் வெளிவந்தது. குடிநீர் ஆர்ஓ கருவி வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் வாளியில் பிடித்து, அதைத்தான் செடிக்கு ஊற்றி வந்தார்கள். சென்னையில் பல வீடுகளில் இது நடக்கிறது. நல்ல எண்ணத்தில் நடக்கிறது. தரை துடைக்கவும் கழிவறைக்கும் அந்தத் தண்ணீர் சரி. தொட்டிச் செடிக்கு நஞ்சு. அவர்கள் போர்வெல் தண்ணீர், கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 850. ஆர்ஓ கழிவுநீர் 1,500. மிளகாய் உப்பைத் தாங்கும் பயிர் அல்ல. பாசன நீரின் மின்கடத்துத்திறன் (உப்பு கூடினால் இதுவும் கூடும்) 1 டெசிசீமன்ஸ் அளவில், கைமீட்டரில் ஏறக்குறைய 500 முதல் 650, அதற்குள் இருக்க வேண்டும். வேர்மண்ணின் அளவு 1.5ஐத் தாண்டியபின் ஒவ்வொரு டெசிசீமன்ஸ் ஏறும்போதும் மகசூல் 14 சதவீதம் வீதம் விழும்.

வேரடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் முறை இது. வழக்கம்போலத் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் காத்திருந்து, மேலிருந்து 100 மில்லி மழைநீரை மெதுவாக ஊற்றி, அடியில் வழியும் முதல் 50 மில்லியைப் பிடித்து அளக்க வேண்டும். டிடிஎஸ் மீட்டரில் வந்த எண் 3,800. வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு, தண்ணீர் வடிய விட்டால் ஹால் தரை நனையும் என்று அடித்தட்டு வைத்து, வடிந்ததையும் செடியே உறிஞ்சும்படி விட்டிருந்தார்கள். உப்பு வெளியேற வழியே இல்லை.

வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருந்தது பெரிய உதவி. பால்கனியில் நாலைந்து வாளி, ஒரு டிரம் வைத்து மழைநீர் பிடிக்கப்பட்டது. தொட்டிக்குப் பத்து லிட்டர் வீதம் குளியலறையில் வைத்து, இரண்டு நாள் இடைவெளியில் இருமுறையாகப் பிரித்து ஊற்றிக் கழுவினார்கள். இரண்டாம் முறைக்குப் பின் வடிநீர் 900க்கு இறங்கியது. அன்றிலிருந்து ஒரு பங்கு போர்வெல், இரண்டு பங்கு மழைநீர். மழைநீர் தீர்ந்த பிறகு, ஏப்ரலிலிருந்து படுக்கையறை ஏசியின் வடிகுழாய் நீர். அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. புழுக்கமான சென்னை இரவில் அரை வாளிக்குக் குறையாமல் கிடைக்கும். உப்பில்லாத நீரில் கால்சியமும் இருக்காது என்பதால், ஒரு வாரம் லிட்டருக்கு 1 கிராம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள உரம்), மறு வாரம் லிட்டருக்கு 1 கிராம் கால்சியம் நைட்ரேட். இரண்டையும் ஒரே குவளையில் கலந்தால் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து வெள்ளையாக அடியில் படிந்துவிடும்.

எப்போது தண்ணீர் ஊற்றுவது என்பதற்குச் சமையலறைத் தராசு பயன்பட்டது. முழுக்க நனைந்து வடிந்த தொட்டி 3.1 கிலோ, 2.3க்கு இறங்கியதும் ஊற்ற வேண்டும். அந்த மழைக்காலத்தில் அதற்கு ஐந்து நாள் ஆனது. அதுவரை தினமும் காலையில் ஊற்றி வந்திருக்கிறார்கள்.

இதே சமயம் தேவையில்லாத ஒரு பயமும் வந்தது. இலையின் அடியில் சர்க்கரைத் துகள் போலப் பளபளக்கும் சிறு மணிகள், சில இடத்தில் மொறுமொறுவென்று கொப்புளம். பூச்சி முட்டை என்று எண்ணி, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே வேப்பெண்ணெய் தெளித்தார்கள். மறுநாள் இலையில் எண்ணெய் தங்கிய இடமெல்லாம் வெந்துபோயிருந்தது. அந்த மணிகள் பூச்சியே அல்ல. காற்றில் ஈரப்பதம் மிகுந்து, மண்ணும் ஈரமாக இருந்து, புற ஊதாக்கதிர் இல்லாத செயற்கை ஒளியில் வளரும்போது மிளகாய் இலையின் செல்கள் நீர் கோத்து வீங்கும். கசிவது காய்ந்து துகளாகும். நகத்தால் தட்டினால் உதிரும், நகராது, இரண்டாம் நாள் பெருகியும் இருக்காது. தண்ணீரைக் குறைத்து மேசை மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டது போதுமானதாக இருந்தது.

மார்கழி, தை

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் குடைமிளகாய் இரண்டும் விளக்கை விட்டுக் கதவோரத்துக்கு நகர்ந்தன. நேர் வெயில் நாளுக்கு நான்கு மணி நேரம், மீதி நேரம் வான வெளிச்சம். கணக்குப் போட்டால் மூன்று லட்சத்தை ஒட்டி வந்தது. விளக்கின் கீழிருந்த செடியைத் திடீரென வெயிலில் வைத்தால் இலை வெளிறி எரியும் என்பதால், முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு தினம் அரை மணி கூட்டி, பத்து நாளில் பழக்கினார்கள்.

முதலில் வந்த பூக்கள் உதிர்ந்தன. வீட்டுக்குள் காற்றும் தேனீயும் இல்லாததே காரணம். மிளகாய்ப்பூ தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும்; ஆனால் யாராவது ஆட்டிவிட வேண்டும். பூ விரிந்த அன்று காலை, ஊதா நிற மகரந்தப்பைகள் பிளந்து உள்ளே வெள்ளைத் தூள் தெரியும் நேரத்தில், பூக்காம்பின் பின்புறம் விரலால் இரண்டு மூன்று முறை சுண்டினால் போதும். ஒன்பது மணிக்கு முன் பிளக்காத பைகளும் உண்டு. இவர்கள் பத்தரை மணி வாக்கில் செய்தார்கள். சென்னையில் ஜனவரி இரவு 21 பாகை வரை இறங்கும். குடைமிளகாய்க் காய்ப்பிடிப்புக்கு இந்த ஊரில் இதைவிட நல்ல காலம் கிடையாது. பிப்ரவரி கடைசிக்குள் இரண்டு செடியிலும் சேர்த்து ஏழு காய்கள், ஒவ்வொன்றும் 90 முதல் 110 கிராம். கடைக்காயைவிடச் சிறியவை, ஆனால் தோல் தடிப்பும் மணமும் குறைவில்லை.

மாசி: முரணை

பொங்கல் சமயம் நர்சரியிலிருந்து ஒரு பஜ்ஜி மிளகாய்ச் செடி வாங்கி வந்து, நேராக அலமாரியில் வைத்திருந்தார்கள். பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் அதன் நுனி சுருண்டது. மார்ச் முதல் வாரத்தில் பக்கத்திலிருந்த குண்டு, காந்தாரி நுனிகளும் சுருண்டன. செடியின் படத்தைப் பார்த்த நர்சரிக்காரர், "இது வைரஸ் சார், எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுடுங்க" என்றார்.

பிடுங்குவதற்கு முன் இலை எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று பார்ப்பது அவசியம். இலைப்பேன் தாக்கினால் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு, பரப்பில் வெள்ளிக்கீறல் தெரியும். முரணை எனப்படும் மஞ்சள் சிலந்திப்பேன் தாக்கினால் ஓரங்கள் கீழ்நோக்கி, கவிழ்த்த படகு போல மடங்கும். இலை குறுகும், காம்பு மட்டும் நீளும், அடிப்பரப்பு வெண்கல நிறத்தில் மினுமினுக்கும், நுனி குருத்து கட்டியாக நின்றுவிடும். வைரஸ் என்றால் பச்சையும் மஞ்சளும் கலந்த தேமல் அல்லது நரம்பு வெளுப்பு இருக்கும், புதுத்துளிரும் தேறாது. இங்கே இருந்தது கீழ்நோக்கிய மடிப்பு, தேமல் இல்லை.

முரணை 0.2 மில்லிமீட்டர்தான். வெறும் கண்ணுக்குச் சிக்காது, பத்து மடங்கு லென்ஸுக்கும் எளிதில் சிக்காது. அறுபது மடங்கு பெரிதாக்கும் கையடக்க நுண்ணோக்கியில் குருத்திலையின் அடியைப் பார்த்தபோது உறுதியானது: கண்ணாடி போன்ற நீள்வட்ட முட்டைகள், அவற்றின் முதுகில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். இந்தப் புள்ளி முட்டை வேறெதற்கும் கிடையாது. நர்சரிச் செடியில் வெள்ளை ஈயும் இருந்தது. முரணை வெள்ளை ஈயின் காலைப் பற்றிக்கொண்டு செடி விட்டுச் செடி போகக்கூடியது. அலமாரியின் மறுகோடி வரை பரவியதற்கு அது போதும்.

முடிவு மூன்று கட்டமாக எடுக்கப்பட்டது. வாங்கி வந்த செடி பிளாஸ்டிக் உறையில் கட்டி அப்புறப்படுத்தப்பட்டது. மற்ற செடிகளில் சுருண்ட நுனிகள் இரண்டு கணு கீழே வரை வெட்டி அதே உறையில் போடப்பட்டன. பிறகு நனையும் கந்தகம் 80 சதவீதத் தூள், லிட்டருக்கு 2 கிராம், இலையின் அடியும் குருத்தும் நனைய மாலையில் தெளிப்பு. வெதுவெதுப்பில் இதன் ஒரு தலைமுறை ஒரு வாரத்துக்குள் முடிவதால், ஐந்து நாளுக்கு ஒருமுறை என மூன்று முறை. கந்தகத்தை ஹாலில் தெளிக்கக் கூடாது. செடிகளைத் துணி துவைக்கும் யுடிலிட்டி இடத்துக்குக் கொண்டுபோய், முகக்கவசம் போட்டுத் தெளித்து, காய்ந்த பின் உள்ளே எடுத்து வந்தார்கள். வெப்பம் 32 பாகையைத் தாண்டும் நேரத்தில் கந்தகம் இலையை எரிக்கும். வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரத்துக்குள்ளும் தெளிக்கக் கூடாது; அப்போது வேப்பெண்ணெய் தெளித்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. இருந்த காய்கள் பறிக்கப்பட்டு, அடுத்த காயும் நன்றாகக் கழுவிய பிறகே சமையலுக்குப் போனது.

மூன்றாம் தெளிப்புக்குப் பிறகும் பழைய இலை சுருண்டே இருந்தது. பெரியவர் நான்காவதும் தெளிக்க வேண்டும் என்றார். தெளிக்கவில்லை. முரணையின் எச்சில் இலை வளர்ச்சியையே திரிக்கிறது. பூச்சி செத்த பிறகும் அந்த இலை நிமிராது. பார்க்க வேண்டியது அதற்குப் பின் வந்த துளிரை. மார்ச் கடைசியில் வந்த துளிர்கள் தட்டையாக, சுத்தமாக இருந்தன.

கத்திரி வெயில்

ஏப்ரலிலிருந்து குடைமிளகாய்ப் பூ ஒன்றுகூட நிற்கவில்லை. சுண்டியும் பயனில்லை. பகல் 32 பாகையையும் இரவு 24 பாகையையும் தாண்டினால் அதன் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். சென்னையில் மே மாதம் இரவே 28 பாகை. அந்தச் செடிகளை ஏசி அறையில் இரவு வைத்துப் பார்க்கலாமா என்று மருமகள் கேட்டார். இரவு மட்டும் குளிர்ச்சி, பகலில் 36 பாகை என்பதில் பலன் குறைவு. பகலும் சேர்த்து ஏசி போடுவது ஒரு காய்க்காகச் செய்யக் கூடிய செலவல்ல. ஏப்ரல் கடைசியில் இரண்டு குடைமிளகாயும் எடுக்கப்பட்டன. சூரியன் வடக்கே போய்விட்டதால் கதவோரமும் அப்போது இருட்டிவிட்டது.

காந்தாரியும் குண்டும் விளக்கின் கீழ் காய்த்துக்கொண்டே இருந்தன. மே மாதம் குண்டில் பூ உதிர்வு இருந்தது, காந்தாரியில் மிகக் குறைவு. விளக்கின் சூடும் சேர்வதால் டைமர் மாலை 6 முதல் காலை 8 வரை என மாற்றப்பட்டது. தண்ணீர் இடைவெளி ஐந்து நாளிலிருந்து இரண்டு நாளுக்கு வந்தது. தராசு சொன்னபடிதான் ஊற்றினார்கள். குண்டில் மூன்று காய்களில் நுனி கருத்துத் தோல்போல அழுகியது. கால்சியம் வாரத்தைத் தவறவிட்டதும், ஒருநாள் தொட்டி முழுக்கக் காய்ந்ததும் சேர்ந்த விளைவு. அடுத்த காய்களில் வரவில்லை.

விளைவு

ஜூலை வரை நான்கு காரமிளகாய்ச் செடிகளிலிருந்து 1.3 கிலோ பச்சைக்காய், குடைமிளகாய் ஏழு. சந்தை விலையோடு ஒப்பிட்டால் மின்செலவே அதைவிட அதிகம். காசு மிச்சப்படுத்த வீட்டுக்குள் மிளகாய் வளர்க்க வேண்டாம். மாடி இல்லாத வீட்டில், ரசத்துக்கும் சட்னிக்கும் செடியிலிருந்து காந்தாரி பறிக்க வேண்டும் என்பவர்களுக்கு இது நடக்கக் கூடிய காரியம். ஆறு செடிக்குள் நின்றால்.

அடுத்த சுற்றில் மாற்றியவை

குடைமிளகாய் விதைப்பு ஆடியிலிருந்து செப்டம்பர் முதல் வாரத்துக்குத் தள்ளப்பட்டது. அப்போதுதான் டிசம்பர் வெயில் கதவோரத்துக்கு வரும் நேரத்தில் செடி பூக்கத் தயாராக இருக்கும், ஏப்ரலுக்குள் காய் பறித்து முடியும். காரமிளகாய்க்கு மாதக் கட்டுப்பாடு இல்லை. விளக்கு இருந்தால் எப்போதும் விதைக்கலாம். பெரியவர் இந்த முறை ஆறு விதைக்குழிக்கு மேல் நிரப்பவில்லை.

வெளியிலிருந்து வரும் எந்தச் செடியும் மூன்று வாரம் யுடிலிட்டி பக்கம் தனியாக நிற்கும். இரண்டு முறை குருத்தை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே அலமாரிக்கு வரும். மாதம் ஒருமுறை வடிநீர் அளவை. 1,500ஐத் தாண்டினால் குளியலறையில் வைத்துக் கழுவல். ஆர்ஓ கழிவுநீர் வாளி கழிவறைக்கு மாறிவிட்டது. மழைநீருக்கு 100 லிட்டர் மூடியுள்ள டிரம் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். கொசு முட்டையிடாதிருக்க மூடிக்கு அடியில் வலை கட்டியாயிற்று.

இன்னும் முடிவாகாத ஒன்று, வடக்குப் பக்கத்துச் சமையலறை ஜன்னல். மே முதல் ஆகஸ்ட் வரை அங்கே வெயில் படும்; விளக்குச் செலவில் ஒரு பகுதி குறையலாம். ஆனால் அடுப்புச் சூடும் தாளிப்பு எண்ணெய்ப் புகையும் இலையில் படியும். ஒரு காந்தாரிச் செடியை மட்டும் அங்கே வைத்து, வாரம் ஒருமுறை இலையைத் துடைத்து, அலமாரியில் இருக்கும் காந்தாரியோடு காய் எடையை ஒப்பிட்டு எழுதி வருகிறார்கள்.